ஆட்டிசம்: தெரபி, பள்ளி, சான்றிதழ் பற்றிப் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்காக நடக்கும் பயிற்சிக் கூட்டங்களில் சிறப்பாசிரியராகப் பல ஆண்டுகளாகக் கலந்துகொள்கிறேன். ஊர் மாறுகிறது, கேள்விகள் அதிகம் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். குழந்தையை நேரில் பார்க்கும் மருத்துவருக்கு இது மாற்று ஆகாது. அவர் எதிரே உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்திருந்தால் போதும்.

பையனுக்கு ரெண்டு வயசு முடிஞ்சிடுச்சு, இன்னும் பேசலை. "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்"னு மாமியார் சொல்றாங்க. காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். தாமதமாகப் பேசும் குழந்தைகள் உண்டு, பாட்டி சொல்வது பொய்யில்லை. ஆனால் பேச்சை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறானா? விமானம் போனால் அதைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தையும் பார்க்கிறானா? டாட்டா காட்டுகிறானா? இதெல்லாம் இருந்து பேச்சு மட்டும் வராத குழந்தை ஒரு வகை. இதுவும் இல்லையென்றால் உடனே காட்ட வேண்டும். சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைகள் மறைந்துபோனாலும் அப்படித்தான், வயது எதுவாக இருந்தாலும்.

முதலில் காது கேட்கும் திறனைச் சோதியுங்கள். அதற்கான 'பெரா' பரிசோதனை பெரிய அரசு மருத்துவமனைகளில் உண்டு. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு எம்-சாட் என்ற 20 கேள்விகள் கொண்ட ஆட்டிசம் சோதனைப் படிவம் இருக்கிறது, குழந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்கி நீங்கள் நிரப்ப வேண்டும். அது சந்தேகத்தைச் சொல்லும், முடிவைச் சொல்லாது.

இது என்ன நோய்? எப்போ முழுசா குணமாகும்?

ஆட்டிசம் நோய் இல்லை. மூளை வளரும் விதத்தில் பிறப்பிலிருந்தே உள்ள வேறுபாடு. மற்றவர்களோடு தொடர்புகொள்வது, ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றை உணர்வது, மாற்றங்களை ஏற்பது எல்லாமே கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். ஒருவர் கல்லூரி போவார், இன்னொருவருக்கு வாழ்நாள் முழுவதும் துணை வேண்டியிருக்கும். இரண்டு வயதில் பார்த்து எது என்று யாராலும் சொல்ல முடியாது.

குணமாகும் என்று தேதி குறித்துக் கொடுப்பவரிடம் போகாதீர்கள். குழந்தை கற்றுக்கொள்ளும், மாறும், நிறையவே மாறும். தெரபியின் வேலை அதற்கு வழி செய்வது.

நான் வேலைக்குப் போனதாலயா? போன் கொடுத்ததாலயா? தடுப்பூசியாலயா?

மூன்றும் இல்லை. அம்மாவின் அன்பு போதாததால் வருவது என்ற எண்ணம் ஒரு காலத்தில் அமெரிக்க மருத்துவர்களிடமே இருந்தது. அது தவறு என்று நிரூபிக்கப்பட்டு அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. நம் வீடுகளில்தான் இன்னும் போகவில்லை. மரபணுக் காரணங்களே இதில் பெரிய பங்கு வகிக்கின்றன.

தடுப்பூசிக் கதை 1998இல் லான்செட் மருத்துவ இதழில் 12 குழந்தைகளை வைத்து வந்த கட்டுரையில் தொடங்கியது. 2010இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2019இல் வெளியான ஆய்விலும் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவுக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. 2017இல் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் பரவிய பயத்தால் பலர் பிள்ளைகளை அனுப்பவில்லை. தம்பி, தங்கைக்கு ஊசி போடாமல் விட்டுவிடாதீர்கள்.

போன் ஆட்டிசத்தை உண்டாக்காது. ஆனால் போன் பார்க்கும் நேரத்தில் குழந்தை உங்களோடு பேசாது, விளையாடாது. அதற்காகக் குறையுங்கள்.

யார்கிட்ட காட்டணும்? தனியார்ல போனா செலவு தாங்காது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையம் இருக்கிறது. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் பகுதி அது. பிறப்பு முதல் 18 வயது வரை இலவசம். அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் பரிசோதிக்க வரும் மருத்துவக் குழுவே அங்கே எழுதிக் கொடுக்கும். நீங்கள் நேராகப் போனாலும் பார்ப்பார்கள்.

சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் உள்ளது. மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர் எல்லோரும் ஒரே வளாகத்தில். வேலூர் சி.எம்.சி.யிலும் இதற்கென்று நல்ல பிரிவுகள் உண்டு. வீட்டுக்கு எது பக்கமோ அங்கே தொடங்குங்கள்.

ஸ்பீச், ஓ.டி., ஏ.பி.ஏ., ஸ்பெஷல் எஜுகேஷன்னு நாலு பேர் நாலு சொல்றாங்க. எல்லாம் வேணுமா?

எல்லாம் ஒரே நாளில் வேண்டாம். ஸ்பீச் தெரபி வாயால் பேசுவதற்கு மட்டுமான பயிற்சி அல்ல. கேட்பது, சுட்டுவது, முறைவைத்து விளையாடுவது எல்லாம் அதில் அடங்கும். ஓ.டி. எனப்படும் தொழில்வழிச் சிகிச்சை உடையணிவது, சாப்பிடுவது, பென்சில் பிடிப்பது போன்றவற்றையும், சத்தம், தொடுதல் போன்றவற்றைச் சமாளிப்பதையும் பார்க்கிறது. சிறப்பாசிரியர் படிக்கவும் அன்றாட வேலைகளைச் செய்யவும் குழந்தைக்குப் புரியும் வழியில் சொல்லித் தருவார்.

ஏ.பி.ஏ. என்பது ஒரு செயலைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, சரியாகச் செய்தால் ஊக்கம் கொடுத்துக் கற்பிக்கும் முறை. மேசையில் உட்கார வைத்து 'இதைத் தொடு, அதைத் தொடு' என்று மணிக்கணக்கில் நடத்திய பழைய பாணியை, அதில் வளர்ந்த ஆட்டிசம் உள்ள பெரியவர்களே கடுமையாக விமர்சிக்கிறார்கள். அந்தக் குரலை நாம் கேட்க வேண்டும். இப்போது விளையாட்டுக்குள்ளேயே கற்பிக்கும் முறைகள் வந்துவிட்டன. குழந்தை எதை விரும்புகிறதோ அங்கிருந்து தொடங்குவார்கள்.

பெயரை விட்டுவிடுங்கள். இப்போது வீட்டில் எது பெரிய கஷ்டம்? தூக்கமா, சாப்பாடா, கேட்கத் தெரியாமல் அழுவதா? அதற்கு உதவுபவர் முதலில்.

வாரத்துக்கு 40 மணி நேரம் கொடுத்தாத்தான் பலன்னு சொல்றாங்க. எங்களால முடியாது. குழந்தை வாழ்க்கையை வீணடிக்கிறோமா?

இல்லை. 40 என்ற எண் அமெரிக்காவில் உளவியலாளர் லோவாஸ் ஏ.பி.ஏ. பற்றி 1987இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வருகிறது. அந்தத் தீவிரப் பயிற்சி பெற்றவர்கள் 19 குழந்தைகள். யாருக்கு எந்தப் பயிற்சி என்று குலுக்கல் முறையில் பிரிக்கவும் இல்லை. அதை வைத்து உங்கள் வீட்டை அடகு வைக்கச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

நமக்குப் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. பெரிய நிபுணர்கள் இல்லாமல், பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள் ஆறு மாதத்தில் 12 அமர்வுகள் நடத்தினார்கள். பெற்றோரும் குழந்தையும் விளையாடுவதைப் படம்பிடித்து, சேர்ந்து பார்த்து, குழந்தை தரும் சின்னக் குறிப்புகளுக்கு எப்படிப் பதில் தருவது என்று கற்றுக் கொடுத்தார்கள். குழந்தைகள் தாமாக முன்வந்து தொடர்புகொள்வது கூடியது.

ஆகவே வாரத்துக்கு இரண்டு முறை நல்ல தெரபி, அதை வீட்டில் குளிக்கும்போது, சாப்பிடும்போது, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது நீங்கள் தொடர்வது, இது சரியான திட்டம்தான். ஊஞ்சலை ஆட்டிவிட்டுப் பிடித்து நிறுத்துங்கள். பத்து விநாடி சும்மா காத்திருங்கள். ஒரு பார்வை, ஒரு சத்தம், கை அசைவு, எது வந்தாலும் 'ஆட்டு!' என்று சொல்லி மறுபடி ஆட்டுங்கள். அந்தக் காத்திருப்புத்தான் பலருக்கு முதலில் வராது, பழகினால் வந்துவிடும். மீதி நேரம் குழந்தை குழந்தையாக இருக்கட்டும். நீங்களும் தூங்குங்கள்.

சென்டர்ல எங்களை உள்ளே விட மாட்டேங்கறாங்க. நல்ல சென்டர்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

முதல் சில நாள், குழந்தை பழகும்வரை வெளியே இருக்கச் சொல்வதில் நியாயம் இருக்கலாம். மாதக்கணக்கில் கதவு மூடியே இருந்தால் அது நல்ல இடம் இல்லை. மேலே சொன்னபடி வீட்டில் தொடர வேண்டியவர் நீங்கள். பார்க்காமல் எப்படித் தொடர்வது?

இலக்கை எழுத்தில் கேளுங்கள். 'கவனம் அதிகரிக்கும்' என்பது இலக்கே இல்லை. 'மூன்று மாதத்தில், தண்ணீர் வேண்டுமென்றால் கையைப் பிடித்து இழுக்காமல் படம் காட்டியோ சொல்லியோ கேட்பாள், வீட்டிலும் கேட்பாள்' என்பது இலக்கு. மூன்று மாதம் கழித்து நீங்களே சரிபார்க்கலாம். சிறப்பாசிரியரும் பேச்சுப் பயிற்சியாளரும் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. ஓ.டி. நிபுணர்கள் அந்த மன்றத்தில் வரமாட்டார்கள், அவர்களிடம் பட்டத்தைக் கேளுங்கள்.

அடிப்பது, கட்டிவைப்பது, பட்டினி போடுவது, இருட்டு அறை, இவற்றில் ஒன்று நடந்தாலும் அன்றே வெளியேறுங்கள். குழந்தையால் வந்து சொல்ல முடியாது. உடம்பில் காயம், அந்தத் தெருவுக்குள் வந்தாலே அழுகை, திடீரென்று கெட்டுப்போன தூக்கம், இவைதான் அதன் புகார்.

பட அட்டை கொடுத்துப் பழக்கினா, அப்புறம் பேசவே மாட்டானே?

பயப்பட வேண்டாம். படம், சைகை, பேசும் செயலி எதுவும் பேச்சைத் தடுப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை, சில குழந்தைகளுக்குப் பேச்சு கூடியும் இருக்கிறது. கேட்க வழி கிடைத்ததும் அழுகையும் கடியும் குறைவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். சென்னையில் உருவான ஆவாஸ் செயலி தமிழிலும் பேசும். செலவில்லாமல் தொடங்க வேண்டுமானால் உங்கள் டம்ளர், செருப்பு, இட்லித் தட்டு இவற்றை அப்படியே படமெடுத்து அச்சிட்டு அட்டையில் ஒட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. குழந்தையின் கையையோ எழுத்துப் பலகையையோ இன்னொருவர் பிடித்துக்கொண்டு 'அவனே எழுதுகிறான்' என்று காட்டும் முறைகள் உண்டு. அங்கே வருவது பிடித்திருப்பவரின் சொற்கள் என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. அது வேண்டாம்.

வீட்ல தமிழ். "குழப்பமாகும், இங்கிலீஷ் மட்டும் பேசுங்க"ன்னு சொல்லிட்டாங்க. பாட்டிக்கு இங்கிலீஷ் தெரியாதே?

இந்த அறிவுரையைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் அதனால் பின்தங்குவதில்லை என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அம்மா தனக்குச் சரளமில்லாத மொழியில் நாலு சொல்லை வைத்துப் பேசினால், கொஞ்சலும் பாட்டும் திட்டும் கதையும் எல்லாம் போய்விடும். தாத்தா பாட்டியிடம் குழந்தை பேச வழியே இருக்காது. ஏற்கெனவே ஆட்கள் குறைவாக உள்ள உலகம் இன்னும் சுருங்கும்.

தமிழில் பேசுங்கள். சின்ன வாக்கியமாக, நடக்கிற விஷயத்தைப் பற்றி, ஒரே சொல்லைப் பல தடவை. பயிற்சியும் தமிழில் கேளுங்கள், தமிழ் பேசும் பயிற்சியாளர் நம் ஊரில் கிடைக்காமல் போகமாட்டார். பள்ளி ஆங்கிலம் என்றால் அது பள்ளியில் வரட்டும். யூடியூபால் ஆங்கிலச் சொற்களையே சொல்லும் குழந்தையா? அதையும் ஏற்றுக்கொண்டு தமிழில் பதில் சொல்லுங்கள்.

கையை ஆட்டிக்கிட்டே இருக்கான், சுத்திச் சுத்தி ஓடறான். அதட்டி நிறுத்தணுமா?

யாருக்கும் காயம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அது தன்னை அமைதிப்படுத்திக்கொள்ளும் வழி. சொந்தக்காரர் வீட்டில் கூச்சமாக இருக்கிறது என்பது நம் கஷ்டம், குழந்தையுடையது இல்லை. தலையை முட்டிக்கொள்வது, கையைக் கடிப்பது வேறு. அதற்குப் பின்னால் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் இருக்கலாம். முதலில் மருத்துவர் பார்க்கட்டும், பிறகு தெரபிஸ்ட்.

என் வீட்டுக்காரர் ஒத்துக்கவே மாட்டேங்கறார். "நீதான் பிள்ளைக்குப் பேர் வைக்கிற"ங்கறார்.

பெயரை வைத்துச் சண்டை வேண்டாம். 'பேச்சுக்கு உதவி தேவை' என்பதில் இருவரும் ஒத்துப்போனால் தொடங்க அது போதும். ஒரே ஒரு அமர்வுக்கு அவரை அழைத்துப் போங்கள். தினமும் ஒரு வேலை அவருடையதாக இருக்கட்டும், மாலைக் குளியலோ கடைக்குக் கூட்டிப்போவதோ. கூடவே இருந்தால் தெரிய வரும். பல அப்பாக்கள் மறுப்பது பயத்தில்தான்.

எங்க ஊர்ல சென்டரே கிடையாது. சென்னைக்குக் குடி போகணுமா?

வேலையை விட்டுக் குடிபெயரும் முன் மூன்று இடத்தைக் கேட்டுவிடுங்கள். ஒன்று, உங்கள் வட்டார வள மையம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவரும் அங்கே இருக்கிறார்கள், பள்ளிக்கு வர முடியாத குழந்தைக்கு வீட்டுவழிக் கல்வியும் உண்டு. இரண்டு, உலக வங்கி உதவியோடு மாற்றுத்திறனாளிகளுக்காக அரசு நடத்தும் உரிமைகள் திட்டத்தின் 'விழுதுகள்' மையம். மூன்று, கிராமங்களில் வேலை செய்யும் தொண்டு நிறுவனங்கள். தென்காசிப் பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கம் வீட்டுக்கே பணியாளரை அனுப்பிப் பெற்றோரைப் பழக்குகிறது.

குறுகிய காலம் தங்கிக் கற்றுவரும் வழியும் உண்டு. வேலூர் சி.எம்.சி.யின் நம்பிக்கை நிலையத்தில் குழந்தையோடு பெற்றோரும் தங்கிப் பயிற்சி பெறுகிறார்கள். கற்றுக்கொண்டு ஊருக்கே திரும்பலாம்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கினா முத்திரை குத்தின மாதிரி ஆயிடாதா?

சான்றிதழ் உங்கள் அலமாரியில் இருக்கும். யாரிடம் காட்டுவது என்பது உங்கள் முடிவு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்து 21 வகைகளை ஏற்கிறது. ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவுகோலில் 40 கூறுகளைப் பார்த்து மதிப்பிட்டு, அரசு மருத்துவர் குழு பாதிப்பின் விழுக்காட்டைக் குறிக்கும். 40 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் பெரும்பாலான சலுகைகளுக்குத் தகுதி. மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யு.டி.ஐ.டி.க்கும் இதுவே அடிப்படை.

பள்ளி உரிமை, தேர்வுச் சலுகை, வருமான வரிக் கழிவு எல்லாம் இதில் தொடங்குகின்றன. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிரமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது, தெரபிச் செலவும் அதில் சேரும். மாத உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள்.

பள்ளியில "எங்ககிட்ட வசதி இல்ல"ன்னு திருப்பி அனுப்பறாங்க. சேர்த்தா ஷேடோ டீச்சர் சம்பளம் நாங்களே கொடுக்கணுமாம்.

ஆட்டிசம் என்ற காரணத்தால் சேர்க்கையை மறுக்க முடியாது. மேலே சொன்ன 2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பள்ளிக்கும் அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கும் இதைக் கடமையாக்குகிறது. சான்றிதழில் 40 விழுக்காடோ அதற்கு மேலோ உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை. 2012இல் திருத்தப்பட்ட கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளியின் 25 விழுக்காட்டு இடங்களுக்கும் மாற்றுத்திறன் குழந்தை விண்ணப்பிக்கலாம்.

வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். மறுப்பை எழுத்தில் கேளுங்கள், தராவிட்டால் நீங்களே நடந்ததை மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். அப்புறம் முதன்மைக் கல்வி அலுவலர், அதற்கும் மேலே மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். பல இடங்களில் அந்த மின்னஞ்சலிலேயே பேச்சு மாறிவிடும்.

ஷேடோ டீச்சர், அதாவது வகுப்பில் குழந்தையோடு இருந்து உதவும் தனி ஆசிரியர், எல்லாக் குழந்தைக்கும் தேவையில்லை. தேவைப்படும் இடத்திலும், அவர் குழந்தையின் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் வகுப்பாசிரியர் குழந்தையோடு பேசுவதையே நிறுத்திவிடுகிறார். வகுப்பாசிரியரிடம் இரண்டு மூன்று மாற்றங்களைக் கேட்டுப் பாருங்கள். முன் வரிசை இடம், படமாக வரைந்த கால அட்டவணை, சத்தம் தாங்காதபோது போய் உட்கார ஒரு மூலை. இவற்றுக்குச் செலவே இல்லை.

சாதாரணப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா?

குழந்தையைப் பொறுத்தது. கௌரவத்துக்காக முடிவெடுக்காதீர்கள். எந்தப் பள்ளியில் குழந்தை காலையில் அழாமல் கிளம்புகிறது, புதிதாக எதையாவது கற்று வருகிறது என்று பாருங்கள். ஓராண்டில் மாற்றிக்கொள்ளலாம், எதுவும் நிரந்தரம் இல்லை.

பத்தாவது எழுத முடியுமா?

பலர் எழுதுகிறார்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், ஒன்பதாம் வகுப்பிலேயே பேச்சைத் தொடங்குங்கள். இல்லையென்றால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 14 வயது நிரம்பினால் ஐந்து பாடங்களைத் தேர்ந்தெடுத்து, ஐந்து ஆண்டுகளில் ஒவ்வொன்றாகக்கூட எழுதி முடிக்கலாம்.

ஸ்டெம் செல் போட்டா பேசுவாங்கன்னு விளம்பரம் வருது. கோதுமை, பால் நிறுத்தினா சரியாகும்னும் சொல்றாங்க.

ஸ்டெம் செல் வேண்டாம். ஆட்டிசத்துக்கு அதைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022இல் சொல்லிவிட்டது. லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் போன குடும்பங்களை எனக்குத் தெரியும். உடலிலிருந்து உலோகத்தை நீக்குவதாகச் சொல்லும் கீலேஷன் இன்னும் ஆபத்து. 2005இல் அமெரிக்காவில் ஒரு ஐந்து வயதுச் சிறுவன் அதனால் இறந்தான்.

பால், கோதுமை விலக்கினால் ஆட்டிசம் குறையும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. தயிர்ச்சோறும் பிஸ்கட்டும் மட்டுமே சாப்பிடும் குழந்தையிடமிருந்து அதையும் பிடுங்கினால் எடை குறையும். வயிற்றுப் பிரச்சினை இருந்தால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

மாத்திரை கொடுக்கச் சொல்றாங்க. மந்தமாயிடுவானோ?

ஆட்டிசத்துக்கு என்று மாத்திரை இல்லை. கடுமையான எரிச்சல், தன்னைத்தானே காயப்படுத்துவது, தூக்கமின்மை, வலிப்பு போன்றவற்றுக்கு மருந்து உண்டு. ரிஸ்பெரிடோன் அப்படிப்பட்டது. சிலருக்கு நிறைய உதவும், சிலருக்குப் பசியும் எடையும் கூடும், தூக்கக் கலக்கம் வரும். எதற்காகக் கொடுக்கிறீர்கள், எப்போது மறுபரிசீலனை என்று கேளுங்கள். வலிப்பு மாத்திரையை மட்டும் ஒருபோதும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ரெண்டாவது குழந்தைக்கும் வருமா?

வாய்ப்பு கூடுதல். மூத்த குழந்தைக்கு ஆட்டிசம் இருந்தால் அடுத்ததற்கு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று என்று நீண்டகால ஆய்வுகள் சொல்கின்றன. ஐந்தில் நான்கு குழந்தைகளுக்கு வராது என்பதும் அதே கணக்குதான். பெற்றுக்கொள்வது உங்கள் விருப்பம். பிறந்தபின் முதல் கேள்வியில் சொன்ன அறிகுறிகளை ஒரு வயதிலிருந்தே கவனியுங்கள்.

எங்களுக்கு அப்புறம் யார் பாத்துப்பாங்க?

இந்தக் கேள்வி மூன்று வயதுக் குழந்தையின் அம்மாவிடமிருந்தும் வரும். தனியாகக் குளிப்பது, பணம் கொடுத்துப் பொருள் வாங்குவது, சோறு வடிப்பது, தொடக்கூடாத தொடுதலை மறுப்பது, இவற்றைப் பத்து வயதுக்குள் தொடங்கிவிடுங்கள். எழுத்துப் பாடத்துக்காக இவற்றைத் தள்ளிப்போட வேண்டாம்.

18 வயதானதும் சட்டப்படி அவர் தனி மனிதர், பெற்றோர் தானாகக் காப்பாளர் ஆகிவிட முடியாது. தானே முடிவெடுக்க முடியாதவர் என்றால், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் காப்பாளர் நியமனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். சொத்தை நேராக அவர் பெயரில் எழுதும் முன் அவருக்கென்று தனி அறக்கட்டளை (டிரஸ்ட்) அமைப்பது பற்றி வழக்கறிஞரிடம் கேளுங்கள். அரசு ஊழியர்கள், சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறன் பிள்ளைக்கு வாழ்நாள் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கும் விதிகளைப் பார்த்து, பணியில் இருக்கும்போதே பிள்ளையின் பெயரையும் சான்றிதழையும் அலுவலகப் பதிவில் சேர்த்துவிடுங்கள்.